பிரிட்டனில் நர்ஸ் மேல் புகார் போனால் பதிவு உடனே பறிபோய்விடுமா?

போகாது. மருத்துவமனை உங்களை வேலையை விட்டு அனுப்பலாம், ஆனால் நர்ஸாக வேலை செய்யப் பெயர் இருக்க வேண்டிய பதிவேட்டில் கை வைக்கும் அதிகாரம் அதைப் பராமரிக்கும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலுக்குத்தான், அதாவது என்எம்சிக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுபவர்கள் நிறைய.

நோயாளிகளுக்கு ஆபத்து என்று பட்டால், விசாரணை முடியும் முன்பே வேலையை நிறுத்தியோ கட்டுப்படுத்தியோ 18 மாதம் வரை இடைக்கால உத்தரவு போடுவார்கள். அது தீர்ப்பு இல்லை. விசாரணையில் நீங்கள் பணிக்குத் தகுதியாக இல்லை என்று முடிவானால் 1 முதல் 5 ஆண்டு வரை எச்சரிக்கை, 3 ஆண்டு வரை நிபந்தனைகளோடு வேலை, ஓராண்டு வரை இடைநீக்கம், கடைசியில் பெயர் நீக்கம் என்று போகும். நீக்கப்பட்டால் மீண்டும் சேர விண்ணப்பிக்கவே 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு 28 நாள்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மருந்தின் அளவு மாறிப்போனதை ஒப்புக்கொண்டு, அப்புறம் பயிற்சியும் எடுத்தவருக்கு மீள வழி இருக்கிறது, ஆனால் அதை மறைக்கக் குறிப்பேட்டைத் திருத்தினால் அது நேர்மையின்மை ஆகிவிடும், அங்கேதான் பெயரே போகும் அபாயம். என்எம்சி கடிதம் வந்தால் அவசரப்பட்டுப் பதில் எழுதாதீர்கள், முதலில் யூனியனைக் கூப்பிடுங்கள். இன்னும் உறுப்பினர் இல்லையென்றால் இப்போதே சேருங்கள், புகார் வந்தபின் சேர்ந்தால் அந்த வழக்குக்கு உதவி கிடைப்பது கடினம்.