சி.எஸ்.ஆர். ரசீது போதுமா?

கேள்வி: பஸ்ஸில் 18,000 ரூபாய் செல்போன் திருட்டுப் போனது. ‘எல்லாப் புகாருக்கும் எஃப்.ஐ.ஆர். உண்டு’ என்று டிவியில் சொல்கிறார்கள் அதிகாரிகள், ஸ்டேஷனில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் புகார் மனுவைப் பாருங்கள். ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதச் சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு சொல்லில் குற்றமே காணாமல் போகிறது! ‘திருடப்பட்டது’ என்று எழுதி, நேரம், பஸ் தடம், போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ., பில் தொகை ஆகியவற்றைச் சேருங்கள். தொகை முக்கியம்: 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவின்றி போலீஸ் விசாரிக்க முடியாது.

போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-வது பிரிவில் ஒரு சந்து இருக்கிறது: இத்தகைய திருட்டில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். டிவியில் இதைச் சொல்வதில்லை. அதன் பிறகும் பதியாவிட்டால், மனுவை எஸ்.பி.க்கு (மாநகரமானால் கமிஷனருக்கு) ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். தபால் ரசீது பத்திரம். அதே சட்டத்தின் 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகும்போது, பிரமாணப் பத்திரத்தோடு அதையும் இணைக்க வேண்டும். நேரே கோர்ட்டுக்குப் போனால் மனு திரும்பிவிடும்.

எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் கட்டணம் கிடையாது.