ரியாக்ட் நேட்டிவ் என்றால் என்ன? முதல் ஆப்பை அதில் எப்படித் தொடங்குவது?

ஒரே ஜாவாஸ்கிரிப்ட் நிரலை வைத்து ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் செய்ய உதவும் கருவிதான் ரியாக்ட் நேட்டிவ். ஃபேஸ்புக் 2015-இல் இதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

ஆண்ட்ராய்டுக்கு ஜாவா அல்லது கோட்லின், ஐபோனுக்கு ஸ்விஃப்ட் என்று ஒரே ஆப்பை இரண்டு தடவை எழுதுவது பெரிய சுமை. ஒரே வீட்டு வரைபடத்தை இரண்டு ஊர்க் கொத்தனார்களிடம் கொடுத்தால், அவரவர் ஊரில் கிடைக்கும் கல்லை வைத்துக் கட்டுவார்கள் இல்லையா? உங்கள் நிரல்தான் அந்த வரைபடம். திரையில் தெரியும் பெட்டியும் எழுத்தும் அந்தந்த போனின் சொந்தச் சரக்கு.

சரி, எங்கே தொடங்குவது? ரியாக்ட் நேட்டிவ் ஆப்பை எளிதாகச் செய்ய உதவும் எக்ஸ்போ என்ற கருவியில் தொடங்குங்கள். கணினியில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் ஜேஎஸ் என்ற மென்பொருளை நிறுவி, புது புராஜெக்ட் உருவாக்கி இயக்கி, அது காட்டும் க்யூஆர் குறியீட்டை, எக்ஸ்போ கோ ஆப் நிறுவிய போனில் ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம் ஒரு வரியை மாற்றி சேவ் செய்தால், கையில் உள்ள போனிலும் உடனே மாறும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட உற்சாகம் தருவது வேறில்லை. வெப் பழக்கத்தில் எழுத்தை வெறுமனே வைத்துவிடாதீர்கள், பிழை வரும். அது டெக்ஸ்ட் என்ற உறுப்புக்குள்தான் இருக்க வேண்டும்.

ரியாக்ட் நேட்டிவ் இணையதளத்தையே ஆப் உறைக்குள் போட்டுத் தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இந்தத் திரைகளை வரைவது பிரவுசர் அல்ல.