சொதி, பாலாணம், கிரிஹொதி

வணக்கம் ஐயா,

நான் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் திருகோணமலை, உவர்மலை. மதிய உணவுக்குப் பிட்டு கொண்டுபோகும் நாட்களில், உடன் வேலை செய்யும் சிங்களத் தோழி, “இது எங்களுடைய சாப்பாடு, நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்” என்கிறார். இடியப்பம், ஆப்பம், பாற்சோறு எல்லாவற்றுக்கும் இதே பேச்சுத்தான். சென்னையில் இருக்கும் இன்னொரு தோழியோ, “பிட்டு என்பது பிழை, புட்டு என்பதுதான் சரி. உங்கள் தமிழில் பாதி சிங்களம்” என்கிறாள். இருவருக்கும் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறேன். எந்த உணவு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒரு பட்டியல் எழுதித் தருவீர்களா? அந்தச் சிங்களத் தோழி தினமும் குடிக்கும் பொல்பலாவுக்குத் தமிழில் பெயர் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

ம.
கொழும்பு

அன்புள்ள ம.,

கொழும்பில் தனியாக இருந்து வேலைக்குப் போகும் பிள்ளை, விடியற்காலையில் எழுந்து பிட்டு அவித்துக் கட்டிக்கொண்டு போகிறது என்பதை வாசித்தபோது மனம் நிறைந்துவிட்டது. ஆனால் பட்டியல் தரமாட்டேன். மேசையில் வெல்வதற்கு என்னிடம் ஆயுதம் கேட்கிறீர்கள். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

சென்னைத் தோழியைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. சிவன் மண் சுமந்ததை மாணிக்கவாசகர் பாடும்போது ‘பிட்டு’ என்றுதான் பாடுகிறார். ஆவணி மூலத்தில் மதுரையில் நடப்பதும் பிட்டுத் திருவிழாதான். புட்டு என்றாலும் சரி, பிட்டு என்றாலும் சரி. ஈழத்து வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தவுடன் சிவப்பு மையை எடுக்கும் பழக்கத்தை அவர்கள் விட வேண்டும். அதைக் கேட்டு நாம் கூனிப்போவதையும் விட வேண்டும்.

சிங்களத் தோழியின் பேச்சுத்தான் என்னை எழுத உட்காரவைத்தது. உங்கள் கடிதம் வந்த வேளையில் நான் றொபேட் நொக்ஸ் எழுதியதை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். நொக்ஸ் நம் ஊர்க் கதையோடு ஒட்டியவர். 1660இல் கொட்டியாரக் குடாவில், இன்றைய மூதூர்ப் பக்கத்தில், பழுதுபார்க்க ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலின் ஆட்களை இரண்டாம் இராஜசிங்கனின் வீரர்கள் பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஓர் இளைஞன் அவர். ஏறத்தாழ 19 ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களில் கைதியாக இருந்து, 1679இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடினார். 1681இல் அவருடைய நூல் இலண்டனில் அச்சானது.

அந்த நூலில் பிட்டு வருகிறது, அதே பெயரோடு. குரக்கன் (கேழ்வரகு) மாவைப் பெரிய சட்டியில் போட்டு, சிறிது தண்ணீர் தெளித்து, கையால் உருட்டி உருட்டி வெடிமருந்துத் தூளைப் போல மணிமணியாக்குவார்களாம். கொதிக்கும் பானையின் வாயில் துணியைக் கட்டி, அதன்மேல் மாவைப் பரப்பி, இன்னொரு சட்டியால் மூடி ஆவியில் அவிப்பார்களாம். சோற்றைச் சாப்பிடுவது போல அதைச் சாப்பிடுவார்களாம்.

இதை உங்கள் தோழியிடம் காட்டினால், “பார்த்தாயா, 17ஆம் நூற்றாண்டிலேயே எங்கள் வீட்டில் பிட்டு” என்பார். நீங்கள் மாணிக்கவாசகரைக் கொண்டுவருவீர்கள். மலையாளி ஒருவர் புட்டுக்குற்றியோடு வருவார். யாவாவிலிருந்து ஒருவர் வந்து, நாங்களும் மூங்கில் குழலில் பனஞ்சர்க்கரை வைத்துப் ‘புத்து’ அவிக்கிறோமே என்பார். காணி உறுதி காட்டுவது போல ஆளுக்கொரு தாளை நீட்டிக்கொண்டிருக்கும்போது பிட்டு ஆறிக் கல்லாகிவிடும்.

நொக்ஸ் எழுதியதில் என்னை நிறுத்தியது வேறு. அவர் மாவை மணியாக்கும் விதத்தை எழுதியிருக்கிறார். பிட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் கூடினால் களியாகும், குறைந்தால் பச்சை மா தொண்டையில் அடைக்கும். மணிகளுக்கு நடுவே ஆவி நுழைந்து போக இடம் வேண்டும். என் அம்மா வறுத்த சிவப்பரிசி மாவில் சுடுநீர் ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறி, பிறகு அரிசி அளக்கும் சுண்டின் விளிம்பால் கொத்திக் கொத்தி மணியாக்குவார். அந்தக் கொத்தும் ஓசையை வைத்தே மா பதமா இல்லையா என்று சொல்லிவிடுவார். பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டியில் அவித்தால் பிட்டு உதிர்ந்து விழும். குழலில் அவித்தால் உருளையாக நிற்கும். சிங்கள வீடுகளில் பெரும்பாலும் குழல், அதன்மேல் தேங்காய்ப்பால். திருகோணமலையில் இரண்டையும் பார்க்கலாம். நொக்ஸ் பார்த்த மலைநாட்டுப் பெண்ணிடம் நீத்துப்பெட்டியும் இல்லை, குழலும் இல்லை. பானையும் துணியும் இருந்தன. சுண்டால் கொத்தவும் இல்லை, உள்ளங்கையால் உருட்டினாள். தானியமும் வேறு, குரக்கன். பெயர் மட்டும் ஒன்று.

இன்று நீங்கள் அவிக்கும் பிட்டில் பாதி கோதுமை மாவாக இருக்கும். அந்த மா திருகோணமலைச் சீனன்குடா ஆலையில் அரைத்ததாகக்கூட இருக்கலாம். கோதுமையோ கடல் கடந்து கப்பலில் வந்தது. அது சிங்களவர் வயலிலும் விளையவில்லை, தமிழர் வயலிலும் விளையவில்லை. அதை வைத்துக்கொண்டு ‘எங்களுடையது’ என்று இரண்டு பேர் வாதாடுகிறீர்கள்!

என் அப்பா திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். காலையில் இடியப்பம், பிட்டு, ஆப்பம். பெரிய பானை நிறையச் சொதி: தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், வெங்காயம், வெந்தயம், ஒரு துண்டு ரம்பை இலை, இறக்கும்போது தேசிக்காய்ப்புளி. துறைமுகத் தொழிலாளர்கள் வருவார்கள். இரவு ரயிலில் வந்து இறங்கியவர்கள் வருவார்கள். கிண்ணியாவில் அப்போது பாலம் இல்லை. துறை கடந்து வரும் வியாபாரிகள் வருவார்கள். கந்தளாய்ப் பக்கத்து வயற்காரர்கள் வருவார்கள். கிண்ணியா முஸ்லிம் வியாபாரி பாலாணம் கேட்பார். கந்தளாயிலிருந்து வரும் சிங்களவர் கிரிஹொதி கேட்பார். நம்மவர் சொதி கேட்பார். மூன்று பேருக்கும் அப்பா ஒரே பானையிலிருந்துதான் ஊற்றினார்.

கடையில் வேலைக்கு நின்ற இளைஞன் ஒருவன், ஒரு சிங்களப் பெரியவரிடம் அது ஹொதி அல்ல, சொதி என்று சத்தமாகத் திருத்தினான். மேசைகளில் சிலர் சிரித்தார்கள். பெரியவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கடை அடைத்த பிறகு அவனைக் கூப்பிட்டு இருத்தினார். “பசித்து வந்தவர் வாயில் என்ன பெயர் வருகிறதோ, அதுதான் அந்தச் சாப்பாட்டுக்கு அப்போது பெயர். அதைத் திருத்த உனக்கு யார் உரிமை தந்தது?” என்றார். நான் வாசித்த எந்த ஆராய்ச்சியையும் விட இந்த வார்த்தையை மேலாக வைத்திருக்கிறேன்.

ஆனால் அப்பா வேறொன்றில் மிகவும் கறாராக இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் சொதிப் பானை இரண்டாகிவிடும், மாசிக் கருவாடு போட்டது ஒன்று, போடாதது ஒன்று. விரதக்காரர் தட்டில் மாசிச் சொதி விழுந்தால் அது பெரும் பிழை. யார் எதைச் சாப்பிடுவார் என்பதை ஆளைப் பார்த்து அறிய வேண்டும். அவர் சொல்லும் பெயரை வைத்து அறிய முடியாது. சொதி என்று கேட்கும் தமிழரில் மாசி இல்லாமல் சாப்பிடமாட்டேன் என்பவரும் உண்டு. அந்த மாசியும் நம்முடையதா என்ன? மாலைத்தீவிலிருந்து வந்த சூரை மீன். நாம் மாசி என்கிறோம், சிங்களவர் உம்பலகட என்கிறார்கள்.

திருநெல்வேலியில் சொதி என்றால் கலியாண வீட்டு மறுநாள் விருந்து. பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டுச் சோற்றோடு பரிமாறுவார்கள். அதே பெயர்தான். ஆனால் நம் ஊர்க் கடையில் இடியப்பத்தின் மேல் ஊற்றும் மஞ்சள் பாலை அவர்கள் முன் வைத்தால், சொதி எங்கே என்று கேட்பார்கள். கந்தளாய்க்காரரோ வேறு பெயர் சொல்லிக்கொண்டு வந்து, அதையே விரல்வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் இவ்வளவு நேரமாகச் சொல்ல வந்தது இதைத்தான், பிள்ளை. பெயர் ஒன்றாக இருப்பதால் பண்டமும் ஒன்று என்று நம்பி விடாதீர்கள். பெயர் வேறாக இருப்பதால் பண்டமும் வேறு என்று சண்டைக்கும் போகாதீர்கள். பானைக்குள் எட்டிப்பாருங்கள்.

சிங்களப் புத்தாண்டுக்கு அவர்கள் சுடும் முங் கெவுமைச் சாப்பிட்டிருப்பீர்கள். பயற்றம் மாவைப் பாணியில் குழைத்து, வில்லையாக வெட்டி, மாக்கரைசலில் தோய்த்துப் பொரித்தது. நம் வீட்டுப் பயற்றம் பணியாரத்துக்கு அது கூடப் பிறந்தது. நாகர்கோவில் பக்கத்தில் முந்திரிக்கொத்து என்கிறார்கள். மூன்று பெயரும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, பண்டமோ ஏறக்குறைய ஒன்று. கிரிபத் என்ற பாற்சோற்றையும் பொங்கலையும் ஒன்று என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அது சம்மதமில்லை. கிரிபத்துக்குச் சோறு குழைய வெந்த பிறகு கெட்டித் தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்து, தட்டில் பரப்பி அழுத்தி, வில்லைகளாக வெட்டிக் கட்டைச் சம்பலோடு தருவார்கள். நமக்குப் பானை பொங்கி வழிய வேண்டும், அதுதான் சடங்கே. புத்தாண்டில் அவர்களும் பாலைப் பொங்கி வழிய விடுகிறார்கள். அது தனிப் பானையில் நடக்கிறது. இந்த வேறுபாடுகளைப் பார்க்காமல் ‘நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்’ என்று அவர் சொல்வதும் அறியாமை. பட்டியல் போட்டு அவர் வாயை அடைக்க நீங்கள் நினைப்பதும் அறியாமை.

தமிழர் பக்கம் நின்று ஏதும் சொல்லமாட்டீர்களா என்று கேட்பீர்கள். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பலகாரமான கொக்கிஸ் ஒல்லாந்தர் வழியில் வந்த பெயர். தொதல் மலாய்க்காரருடையது, அது கீழக்கரையிலும் தொதல்தான். இவற்றையெல்லாம் திருப்பிக் கொடுக்க நான் தயாரில்லை. நம்மிடமிருந்து போனவற்றைத் திருப்பிக் கேட்கவும் தயாரில்லை.

எண்பதுகளில் ஊர் குலைந்தபோது அப்பாவின் கடையும் போயிற்று. ஒரே பானையில் சொதி வாங்கிச் சாப்பிட்டவர்கள் ஒரே வீதியில் நடக்க அஞ்சினார்கள். எது யாருடையது என்ற இந்தக் கேள்வியை அந்தக் கடையில் ஒருவரும் கேட்டு நான் அறியேன். ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவது நின்ற பிறகுதான் அது இவ்வளவு பெரிய கேள்வியாக வளர்ந்தது. உங்களுக்கு அந்த மேசை மறுபடி கிடைத்திருக்கிறது. தினமும் மதியம் அந்தத் தோழியோடு இருந்து சாப்பிடுகிறீர்கள். அவருடைய அம்மா மாவை வறுக்கிறாரா, அவிக்கிறாரா, குழலில் வைக்கிறாரா என்று ஒருநாளாவது கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்குக் கோபம்.

பொல்பலாவைக் கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் தேங்காய்ப்பூக் கீரை என்பது அதைத்தான். தமிழ்நாட்டில் சிறுபீளை, பூளைப்பூ. வேலியோரத்தில் சிறிய வெள்ளைக் கதிராகப் பூத்துக் கிடக்கும். சிங்கள வீடுகளில் செடியைக் காயவைத்து அவித்துக் குடிக்கிறார்கள், சிறுநீர் நன்றாகப் பிரியும் என்று. அவர்கள் குடிக்கும் ரணவரா நம் ஆவாரை. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடு சேர்த்துக் கூரையில் செருகுவது இந்த இரண்டு பூக்களையும்தான். அங்கே வாசலில் காவலுக்கு நிற்பதை இங்கே அடுப்பில் ஏற்றிக் குடிக்கிறார்கள். நம் வீடுகளில் அந்த இடத்தில் மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) அவித்த தண்ணீர் இருக்கிறது. அதைச் சிங்களவரும் தடிமனுக்குக் குடிக்கிறார்கள். கொத்தமல்லி என்றே சொல்கிறார்கள்.

அடுத்த தடவை அவர் பொல்பலா கொண்டுவரும்போது உங்களுக்கும் ஒரு கோப்பை கேளுங்கள். அவர்கள் கித்துள் கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். நீங்கள் பனங்கட்டி கொண்டுபோங்கள், அதற்கும் நன்றாகச் சேரும்.