விடிகாலை சைக்கிள் வகுப்பு: கேட்டவர்களுக்குப் பதில்

பாளையங்கோட்டையில் காலை ஐந்தரை மணிக்கு இன்டோர் சைக்கிளிங் (அறைக்குள் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிப்பது) வகுப்பு எடுக்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

பெருமாள்புரம் தங்கச்சி: நாளைக்கு முதல் வகுப்பு. என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பத்து நிமிஷம் முன்னால் வந்துவிடு. சைக்கிள் பக்கத்தில் நின்று பார். சீட் உன் இடுப்பெலும்பு உயரத்தில் இருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்து பெடலை அடிவரை கொண்டுபோனால் முட்டி லேசாக மடங்கியிருக்கணும். விறைத்து நின்றால் சீட் உயரம், ரொம்ப மடங்கினால் தாழ்வு. இரண்டு பெடலும் சமமாக நிற்கும்போது முன்கால் முட்டி பெடல் அச்சுக்கு நேர் மேலே வரட்டும். ஹேண்டில்பாரை ஆரம்பத்தில் கொஞ்சம் உயர்த்தியே வை.

அப்புறம், இது வீட்டுச் சைக்கிள் மாதிரி இல்லை. முன்னால் இருக்கும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரமும் பெடலும் சேர்ந்தே சுற்றும். நீ நிறுத்தினாலும் பெடல் நிற்காது. நிறுத்த வேண்டுமென்றால் ரெசிஸ்டன்ஸ் நாபை, அதாவது மிதிக்கும் பாரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை, கீழே அழுத்து. சுற்றும்போது காலை எடுக்காதே. என் முழங்காலுக்குக் கீழே இருக்கும் தழும்பு அப்படி எடுத்ததால் வந்ததுதான்.

முதல் நாள் பக்கத்து சைக்கிளைப் பார்த்து ரோஷப்பட வேண்டாம், பாதி வேகம் போதும். பழக்கமில்லாத தொடையை ஒரேயடியாக வதைத்தால் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும். புது ஆட்களுக்கு இந்த மாதிரி வகுப்புகளில் நடந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டொரு நாளில் தொடை வீங்கி, சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு.

மகாராஜநகர் வாசகர்: வெறும் வயிற்றில் வரலாமா?

அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் என்றால், வகுப்புக்கு முன் என்ன செய்வதென்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். பையில் மிட்டாய் இருக்கட்டும்.

டவுனிலிருந்து ஒருவர்: தொப்பை மட்டும் குறையுமா?

குறையாது. தொப்பைக்கென்று தனி மிதி கிடையாது.

ஒரு மதினி: துப்பட்டா போட்டுக்கொண்டு வரலாமா?

கழற்றி வைத்துவிடுங்கள் மதினி. சக்கரத்தில் மாட்டும். ஷூ லேஸையும் உள்ளே சொருகுங்கள்.

சேரன்மகாதேவி வரை தினமும் சைக்கிள் விடும் ஓர் அண்ணாச்சி: தாமிரபரணிக் காற்றை விட்டுவிட்டு அறைக்குள் மிதிப்பது செக்குமாட்டு வேலை அல்லவா?

செக்கில் எண்ணெய் வரும், எங்களிடம் வேர்வை வரும். அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே காற்று இல்லாததால் வேர்வை காயாது. அதனால்தான் ஃபேனும் தண்ணீர் பாட்டிலும். ஆனால் அண்ணாச்சி, ஆனி ஆடியில் மேற்கே போகும்போது எதிர்க்காற்றில் திணறுவீர்கள், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். சரிவில் சும்மா உட்கார்ந்து வருவீர்கள். எங்களுக்கு முக்கால் மணி நேரமும் கால் ஓயாது. ஒரு நிமிஷம் கடுமை, இரண்டு நிமிஷம் லேசு என்று அளந்து மிதிக்கலாம். லாரிக்கு நடுவில் அது நடக்குமா?

அதே அண்ணாச்சி: சும்மா விட்டால் சக்கரமே காலைச் சுற்றவைக்கும் என்று நீயே சொன்னாயே. அப்போ மிதிப்பது யாரம்மா?

மாட்டிவிட்டீர்கள். நாபைத் திருகாமல் விர்ரென்று சுற்றுபவர்களுக்கு ஃப்ளைவீல்தான் மிதிக்கிறது. அதற்காகத்தான் வகுப்பு முழுக்க "திருகுங்க, திருகுங்க" என்று கத்துகிறேன். சமதளம் போல லேசான பாரத்துக்கு நிமிஷத்துக்கு 80 முதல் 110 சுற்று, ஏற்றம் போல கனத்த பாரத்துக்கு 60 முதல் 80. அதற்கு மேல் போய் உட்காரும் இடம் குதித்தால் பாரம் போதவில்லை என்று அர்த்தம். பேலன்ஸ், வளைவு, நாய் துரத்தினால் தப்பிப்பது, இதெல்லாம் ரோட்டில்தான் பழகும். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கே.டி.சி. நகர்: முட்டி வலிக்கிறது.

முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். முதல் பதிலைப் படியுங்கள். சரிசெய்தும் வலித்தால் எலும்பு டாக்டர்.

வண்ணாரப்பேட்டை: ஸ்கிரீனில் 600 கலோரி காட்டியது. அல்வா சாப்பிடலாமா?

உங்கள் எடையைக்கூடக் கேட்காத மெஷின் சொன்ன கணக்கு அது. அல்வா வேண்டுமென்றால் சாப்பிடுங்கள், சைக்கிளைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

இன்னொருவர்: இதைக் கண்டுபிடித்தது யார்?

ஜானி கோல்ட்பர்க், தென்னாப்பிரிக்காக்காரர், கலிஃபோர்னியாவில் தொடங்கினார். 'ஸ்பின்னிங்' என்பது பதிவு செய்த வணிகப் பெயர், அதனால்தான் நான் சைக்கிளிங் என்கிறேன்.

ஜங்ஷன் தம்பி: சீட் எவ்வளவு உயரம் வைக்கணும்?

தம்பி, மேலே.

தச்சநல்லூர்: தொப்பை...

மேலே.

அண்ணாச்சி மறுபடியும்: ஒரு நாள் என்கூட சேரன்மகாதேவி வரை வந்து பாரேன்.

ஆடிக் காற்று அடங்கட்டும் அண்ணாச்சி, வருகிறேன்.