வளவு வீட்டில் லாப்ரடார்த் தலைமுறைகள்: கேள்வி பதில்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், நடு முற்றத்தைச் சுற்றி அமைந்த வளவு வீட்டில், எங்கள் குடும்பம் லாப்ரடார் நாய்களைத் தாய், மகள், பேத்தி என்று வழிவழியாக வளர்த்து வருகிறது. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளுக்கு, அனுபவத்தில் அறிந்ததையும் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தேவகோட்டை: ஆச்சி, எங்கள் பெண் நாய்க்கு நான்கு வயதாகிறது. அவள் வழி வீட்டில் தொடர வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். இப்போதே குட்டி எடுக்கலாமா, இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டுமா?

தள்ளிப்போட வேண்டாம். முதல் ஈற்றுக்கு இரண்டு வயதாவது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து வயதுக்குமேல் முதல் பிரசவம் என்றால் சிரமம் கூடும். ஆனால் இணை சேர்ப்பதற்கு முன் இரண்டு நாய்களுக்கும் இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு எக்ஸ்ரேயும் கண் பரிசோதனையும் அவசியம். இடுப்பு மூட்டு பொருந்தாமல் வளரும் கோளாறு இந்த இனத்தில் பரம்பரையாக இறங்குவது. பார்வைக்கு நன்றாக நடக்கும் நாயிடமும் அது மறைந்திருக்கும். உள்ளூரில் வசதி இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். நாய் இனப்பெருக்கம் பற்றிய மத்திய அரசின் 2017 விதிகள், ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது என்றும், எட்டு வயதுக்குமேல் குட்டி எடுக்கக் கூடாது என்றும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்றும் சொல்கின்றன. அந்த விதிகள் வளர்த்து விற்பவர்களுக்காக எழுதப்பட்டவை என்றாலும் வீட்டில் வளர்ப்பவர்களும் அந்த எல்லைக்குள் நிற்பதே தாய்க்குச் செய்யும் நியாயம்.

இப்போதே எடுக்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. லாப்ரடார் பெரும்பாலும் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். இன்று குட்டி பிறந்தால் தாயும் மகளும் சேர்ந்து வாழ ஆறேழு ஆண்டுகள் கிடைக்கும். சாமி வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது, அப்பத்தா நடக்கும்போது குறுக்கே ஓடக் கூடாது, பந்தி நடக்கும் நேரத்தில் இரண்டாங்கட்டுக்குள் வரக் கூடாது என்பதையெல்லாம் நாம் ஒரு குட்டிக்குச் சொல்லிக்கொடுக்க மாதக்கணக்காகும். தாய் எங்கே நிற்கிறாள் என்று பார்த்தே குட்டி அதில் பாதியைக் கற்றுக்கொண்டுவிடும். எங்கள் வீட்டில் தலைமுறை தாண்டி வந்திருப்பது நிறமோ முகச்சாயலோ அன்று, இந்தப் பழக்கங்கள்தான். தாய்க்குத் தள்ளாமை வந்தபின் குட்டி கொண்டுவந்தால் அவளுக்குக் கற்றுக்கொடுக்கத் தெம்பு இருக்காது. குட்டியின் துள்ளலும் அவளுக்குத் துன்பமாகிவிடும். ஒரு குட்டியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உடன்பிறந்த இரண்டை வைத்துக்கொண்டால் அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே வளர்ந்து, மனிதர் சொல்வதைக் கேட்காமல் போய்விடக்கூடும்.

பள்ளத்தூர்: எங்களிடம் தாயும் அவள் மகனும் இருக்கிறார்கள். இரண்டும் நல்ல தரம். வெளியே போகாமல் இவர்களுக்குள்ளேயே சேர்த்தால் ரத்தம் சுத்தமாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். சரிதானா?

கூடவே கூடாது. தாய்க்கும் மகனுக்கும் பிறக்கும் குட்டியிடம் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு மரபணு இடங்களில் ஒரே மூதாதையின் பிரதியே இரட்டையாக அமையும். பாட்டன் பேத்தி என்றால் பன்னிரண்டரை பங்கு. இதனால் மறைந்திருக்கும் நோய்கள் வெளிப்படும், ஈற்றில் குட்டிகள் குறையும், எதிர்ப்புச் சக்தியும் குன்றும். ஒரே கோயில், ஒரே பிரிவுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை என்ற முறை நகரத்தாராகிய நமக்குப் புதிதன்று. நாய்க்கும் அந்தக் கவனம் வேண்டும். காரைக்குடியிலேயே ஆண் நாயைத் தேடினாலும் அது ஒரே வளர்ப்பாளரிடமிருந்து வந்த ஒன்றுவிட்ட உறவாக இருக்கலாம். ஆகவே தாய், தந்தை, பிறந்த தேதி, தடுப்பூசி, வந்த நோய் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கு எழுதுவதில் நம் ஐயாக்களுக்கு இருந்த ஒழுங்கு இதிலும் இருக்கட்டும்.

கண்டனூர்: அப்பா, அம்மா இரண்டும் கறுப்பு. பிறந்ததில் ஒன்று மஞ்சள். கலப்பு நடந்துவிட்டதா?

இல்லை, தம்பி. மஞ்சள் நிறத்துக்கான மரபணு கறுப்பு நாய்க்குள் ஒற்றையாக மறைந்திருக்கும். இரு பக்கமும் அது இருந்தால் மஞ்சள் குட்டி பிறக்கும். சாக்லேட் நிறமும் அப்படித்தான். இரண்டு மஞ்சள் நாய்களுக்குப் பிறப்பவை பொதுவாக மஞ்சளாகவே இருக்கும்.

ஆத்தங்குடி: குட்டி வளவில் ஓடும்போதெல்லாம் பின்னங்கால் வழுக்கிப் பரப்பிக்கொண்டு விழுகிறது. வளர்ந்தால் சரியாகிவிடுமா?

வளரட்டும் என்று விட்டுவிடாதீர்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படுவதால்தான் அதற்கு அந்த வழவழப்பு. நம் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் அதே தரை, எலும்பு முதிராத குட்டிக்கு மூட்டைத் திருகும் தரையாகிறது. குட்டி அதிகமாக ஓடும் வழியில், முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை, கோரைப்பாயோ தேங்காய்நார் விரிப்போ போடுங்கள். நகங்களை ஒட்ட வெட்டுங்கள். பாதத்தின் அடியில் திண்டுகளுக்கு இடையே வளரும் முடியையும் கத்தரித்துவிடுங்கள். மாடிப்படியும் உயரமான திண்ணையும் மூன்று மாதம் வரையாவது வேண்டாம். லாப்ரடார் உள்ளிட்ட நான்கு பெரிய இனங்களை நார்வேயில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்துக்குள் தினமும் படி ஏறி இறங்கிய குட்டிகளிடம் இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம் என்றும், கயிறில்லாமல் மென்மையான மண்ணில் விளையாடியவற்றிடம் குறைவு என்றும் அதில் தெரிந்தது. பின்கட்டுத் தோட்டத்து மண்ணில் ஓட விடுங்கள். வயதான நாய் இருந்தால் அவளுக்கும் அதே பாய் உதவும்.

காரைக்குடி: எங்கள் நாய்க்கு எவ்வளவு வைத்தாலும் பசி தீர்வதில்லை. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லாப் புள்ளிகளும், அதாவது பங்காளிக் குடும்பங்களும், வந்து தங்கும்போது ஆளுக்கு ஒரு கை கொடுக்கிறார்கள். எப்படித் தடுப்பது, ஆச்சி?

அது வெறும் பேராசை அன்று. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டது என்னவென்றால், லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு குறைந்திருக்கிறது. அதனால் வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குச் சரியாக எட்டுவதில்லை. அந்த நாய் உண்மையிலேயே பசிக்கிறது என்றுதான் நம்மைப் பார்க்கிறது. இரங்கிக் கொடுப்பவர்களும் தவறான எண்ணத்தில் கொடுப்பதில்லை. ஆனால் அந்தக் கூடுதல் எடை முழுவதும் மூட்டில்தான் இறங்கும். விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும், இதுவே அளவு.

விசேஷ நாட்களில் காலையிலேயே அன்றைய முழு உணவையும் ஒரு டப்பாவில் அளந்து வைத்து, யார் கொடுத்தாலும் அதிலிருந்தே கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அதற்குப் பொறுப்பாக்கினால் பெரியவர்களும் கேட்பார்கள். நம் சமையலில் நாய்க்கு ஆகாதவை நிறைய இருக்கின்றன. சின்ன வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், வெந்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். ஆகவே உப்புக்கறியிலோ வறுவலிலோ ஒரு துண்டுகூட வேண்டாம். எச்சில் இலையை நாய்க்கு எட்டாத இடத்தில் போடுங்கள்.

சென்னை: பூர்வீக வீடு கொத்தமங்கலத்தில் பூட்டிக் கிடக்கிறது. காவலுக்கு ஒரு லாப்ரடாரை வாட்ச்மேனிடம் விட்டு வைக்கலாமா?

வேண்டாம். லாப்ரடார் காவல் நாய் அன்று. வருகிறவர் எவராயினும் வாலாட்டி வரவேற்பதே அதன் இயல்பு. குடும்பம் இல்லாத வீட்டில் அது மனம் ஒடுங்கிப்போகும்.

புதுவயல்: அப்பத்தாவுக்கு நாய் என்றால் ஒவ்வாது. மடி, ஆசாரம் பார்ப்பவர். மருமகளாக நான் என்ன செய்வது?

அவர்கள் சொல்வதற்கு வீட்டில் இடம் இருக்க வேண்டும், அம்மா. சாமி வீடு, அடுப்படி, அவர்கள் படுக்கும் அறை மூன்றும் நாய்க்கு இல்லை என்று முதல் நாளிலேயே முடிவு செய்து, எல்லாரும் அதையே கடைப்பிடியுங்கள். ஒருவர் அழைத்து மற்றவர் விரட்டினால் நாய் குழம்பிவிடும். குட்டி மேலே தாவுவதை மட்டும் உடனடியாக நிறுத்தப் பழக்குங்கள். முப்பது கிலோ நாய் அன்பாகத் தாவினாலும் முதியவர் இடுப்பெலும்பு உடையும்.

கோட்டையூர்: கோடையில் முடியை மழித்துவிடலாமா? ஊரணியில் நீந்த விடலாமா?

மழிக்கக் கூடாது. நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் நாயிலிருந்து இங்கிலாந்தில் உருவாகி, 1903இல் அங்கே தனி இனமாக ஏற்கப்பட்டது இது. குளிர்நீருக்கென்று அமைந்த அதன் இரட்டை முடி வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது. தினமும் சீவி உதிர்முடியை எடுத்தாலே போதும். அக்கினி நட்சத்திரத்தில் விடிவதற்கு முன் நடைக்கு அழைத்துச் செல்லுங்கள். கடுமையாக மூச்சிரைத்து ஈறு சிவந்து தள்ளாடினால், உடனே உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். குடிதண்ணீர் ஊரணியில் நாயை இறக்கவே கூடாது. மற்ற நீர்நிலைகளில் நீந்தலாம். ஆனால் எலிக்காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும், அந்நோய் நாயின் சிறுநீர் வழியாக நமக்கும் தொற்றும்.

அரியக்குடி: எங்கள் மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. எழுந்திருக்கவே சிரமப்படுகிறாள். அவள் பேத்தியும் வீட்டில் இருக்கிறாள். பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது?

பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். மூட்டு வலிக்கு மருத்துவர் தரும் மருந்தைப் பிள்ளைகள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். நாம் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரைகளை மட்டும் ஒருபோதும் கொடுக்க வேண்டாம், அவை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் பாழாக்கும். முடிவு நேர்ந்தபின் பேத்தியை அருகே விட்டு முகர்ந்து பார்க்க அனுமதியுங்கள். தேடி அலைவது பெரும்பாலும் அதனால் குறையும். தோப்பில் ஆழமாகக் குழிவெட்டி அடக்கம் செய்யுங்கள். பேத்தியின் உணவு நேரத்தையும் நடை நேரத்தையும் மறுநாளே பழையபடி நடத்துங்கள். அவள் இரண்டு நாளுக்குமேல் சாப்பிடாமல் கிடந்தால் ஏக்கம் என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்; நம் பழைய வீட்டுச் சுவர் இடுக்குகளில் தங்கும் உண்ணிகளால் வரும் காய்ச்சலும் இதே சோர்வோடுதான் தொடங்கும்.