ஓலைச்சுவடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் முன்

கேள்வி: தருமபுரியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் உதவி நூலகராக இருக்கிறேன். தேசிய நூலக வாரத்தையொட்டி நவம்பர் 14 முதல் 20 வரை, ஞாயிறு நீங்கலாக ஆறு நாள், 'நம்ம ஊர் எழுத்து' என்று ஒரு கண்காட்சி நடத்தப் போகிறோம். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து வீடுகளிலிருந்து மூன்று சுவடிக் கட்டுகளும் பழைய கிரயப் பத்திரங்களும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாசிப்பு அறைதான் இடம். கையில் இரண்டு கண்ணாடி மேசைப் பெட்டிகள் உள்ளன. வயலில் கிடக்கும் நடுகல் ஒன்றையும் கொண்டுவரலாம் என்கிறார்கள் மாணவர்கள். எதை எப்படி வைப்பது?

பதில்: முதலில் நடுகல். அதை எடுக்க வேண்டாம். நின்ற இடத்திலிருந்து பெயர்த்துவிட்டால் அது எந்த ஊர் எல்லையில், எதைப் பார்த்து நின்றது என்ற பாதிச் செய்தி போய்விடும். நடுகல்லை நேரில் காட்டத்தான் வேண்டுமென்றால் மாணவர்களைத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு (தொல்லியல் துறை அருங்காட்சியகம்) அழைத்துப் போங்கள்; அங்கே வரிசையாகப் பார்க்கலாம். நூலகத்தில் மைப்படியோ (கல்லின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுக்கும் படி), காலை சாய்வெயிலில் எடுத்த பெரிய புகைப்படமோ போதும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் எழுத்து தெரியாது. மண்ணில் கிடைத்த காசு, புதையல் என்று யாராவது கொண்டுவந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அவற்றை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இனி சுவடிகள். வாசிப்பு அறைதான் இடம் என்கிறீர்கள். உண்மையான சிக்கல் அங்கேதான். படிப்பதற்கென்று போட்ட டியூப்லைட்டுக்குக் கீழே மேசையில் 300 முதல் 500 லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). சுவடி, மையெழுத்து, பழைய தாள் ஆகியவற்றுக்கு உலகெங்கும் வைத்துக்கொள்ளும் வரம்பு 50 லக்ஸ். வெளிச்சத்தால் வரும் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பாது. 50 லக்ஸில் தினம் எட்டு மணி நேரம் என்று ஆறு நாள் வைத்தால் ஓலை வாங்கும் மொத்த வெளிச்சம் 2,400 லக்ஸ்-மணி (லக்ஸை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு). அதே சுவடியை 400 லக்ஸில் வைத்தால் ஆறே மணி நேரத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். எனவே பெட்டிகளுக்கு மேலே உள்ள டியூப்லைட்டுகளைக் கழற்றிவிடுங்கள், ஜன்னலுக்கு இரட்டைக் காடாத்துணி கட்டுங்கள், பெட்டிக்கு வெளியே பக்கவாட்டில் ஒரு சிறிய எல்இடி விளக்கு வையுங்கள். ஓலையில் எழுத்து கீறப்பட்டிருப்பதால் பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒளியில்தான் அது பளிச்சென்று எழும். மேலிருந்து கொட்டும் ஒளியில் மழுங்கிப் போகும். கைபேசி லக்ஸ் செயலி துல்லியமாக இருக்காது, ஆனாலும் 50-க்கும் 400-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

கட்டைப் பிரிக்கும்போது கயிறு சிக்கினால் இழுக்காதீர்கள். துளையோரம் ஓலை கிழியும். ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தியாலோ நகத்தாலோ நெம்பாதீர்கள், அந்தக் கட்டை மூடியபடியே வையுங்கள். சரஸ்வதி பூசையில் வைத்த சந்தனமும் குங்குமமும் மேலே படிந்திருக்கலாம். துடைக்க வேண்டாம், அதுவும் அந்தச் சுவடியின் வாழ்க்கைதான். எழுத்து தெரியவில்லை என்று எலுமிச்சைப்புல் எண்ணெய், விளக்குக்கரி பூசும் வழக்கம் உண்டு. இரவல் வாங்கிய பொருளில் அந்த வேலை கூடவே கூடாது. ஓர் அட்டையில் சாயமேற்றாத பருத்தித் துணியைச் சுற்றி, லேசான சரிவில் வைத்து, இரண்டு ஏடுகளை மட்டும் கிடத்துங்கள். அரை சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டிய பாலியெஸ்டர் பட்டையை ஓலைக்கு மேலே தளர்வாகக் கொண்டுபோய் அட்டையின் பின்புறம் ஒட்டலாம். செலோடேப், குண்டூசி, ரப்பர் பேண்டு எதுவும் ஓலையைத் தொடக்கூடாது. பக்கத்தில் அதே ஏட்டின் பெரிதாக்கிய படமும் இன்றைய எழுத்தில் பெயர்ப்பும் இருந்தால் கூட்டம் அங்கேதான் நிற்கும்.

நவம்பர் மழை மாதம். பெட்டிக்குள் ஒரு சிறிய ஈரமானி வையுங்கள், காற்றின் ஈரப்பதம் 45 முதல் 60 சதவீதம் இருந்தால் நல்லது. பகலில் ஏசி போட்டு இரவில் நிறுத்துவது, ஏசியே இல்லாததைவிடக் கெடுதல். ஈரம் ஏறி இறங்க ஓலை வளைந்து வெடிக்கும். பெட்டிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தால், பிளைவுட் போட்டால், குறைந்தது மூன்று வாரம் திறந்து காயவிடுங்கள். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி தாளைக் கெடுக்கும்.

கிரயப் பத்திரங்களில் அசலைக் காட்ட வேண்டியதே இல்லை என்பது எங்கள் கருத்து. சர்வே எண், பங்காளிகள் பெயர் என்று எல்லாம் இருக்கும். இன்றைக்கும் வழக்கு நடக்கும் நிலமாக இருந்தால் வம்பு. ஃபிளாஷ் போடாமல் படமெடுத்து, அந்த இடங்களை மறைத்து வண்ணப் பிரதி வையுங்கள். அசலை அன்றே திருப்பிக் கொடுங்கள், லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள்.

விளக்க அட்டை ஒவ்வொன்றிலும் 60 சொல்லுக்கு மேல் வேண்டாம்; எழுத்தின் அளவு 24 புள்ளிக்கு (பாயின்ட்) குறையக்கூடாது. சுவரில் மாட்டுவதன் நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்டிமீட்டரில் இருக்கட்டும். பெட்டிகளுக்கு இடையே 120 சென்டிமீட்டர் விட்டால் சக்கர நாற்காலி சிரமமில்லாமல் போகும்.

குத்துவிளக்கை வாசலிலேயே ஏற்றுங்கள். எண்ணெய், புகை, மாலையோடு வரும் பூச்சி, மூன்றும் உள்ளே வேண்டாம். தேநீரும் வெளியேதான். பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் மொத்தமாக வந்து இறங்குவார்கள், பதினைந்து பதினைந்து பேராக உள்ளே விடுங்கள்.

சுவடி வாங்கும்போதே உரிமையாளர் எதிரில் ஏடுகளை எண்ணி, ஒவ்வொன்றையும் இரு புறமும் படமெடுத்து, முன்பே இருக்கும் கிழிசலையும் பூச்சித்துளையையும் குறித்து இரண்டு பிரதியில் ரசீது எழுதுங்கள். எந்தத் தேதியில் திருப்பித் தருவீர்கள், படங்களை நூலகம் வைத்துக்கொள்ளலாமா என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். 21-ஆம் தேதி திருப்பிக் கொடுக்கும்போது அதே ரசீதை வைத்து, அவர் எதிரிலேயே மறுபடி எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள்.