ஸ்டூடியோவை வாங்கியவருக்குப் பழைய படமும் சொந்தமாகுமா?

கேள்வி: மதுரையில் திரைப்பட விநியோகம் செய்துவந்த என் தாத்தா, சென்னை ஸ்டூடியோ ஒன்று தயாரித்து 1971-இல் வெளியிட்ட படத்தின் நெகட்டிவ் உரிமையை, அதாவது படத்தின் முழு உரிமையை, 1974-இல் எழுத்துமூலம் பெற்றார். அந்த ஸ்டூடியோ பிறகு இருமுறை கைமாறிவிட்டது. இப்போதைய உரிமையாளர்கள் படத்தை இணையத்தில் வெளியிட்டு வருமானம் பார்க்கிறார்கள். கேட்டால், ஸ்டூடியோவோடு படமும் தங்களுக்கு வந்துவிட்டது என்கிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?
- வாசகர், திருமங்கலம்

பதில்: ஸ்டூடியோவின் நிலமும், நிறுவனப் பெயரும், படங்களின் பதிப்புரிமையும் சட்டத்தின் பார்வையில் தனித்தனிச் சொத்துகள். ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். படத் தயாரிப்பு நிறுவனத்தை 1986-இல் வாங்கிய அமெரிக்கத் தொலைக்காட்சி அதிபர் டெட் டர்னர், சில மாதங்களுக்குள் அதன் பெரும்பகுதியை விற்றுவிட்டாலும், பழைய படங்களின் உரிமையைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். அவருடைய நிறுவனம் 1996-இல் டைம் வார்னருடன் இணைந்தபோது அவ்வுரிமையும் அங்கே சென்றது. ஸ்டூடியோ வளாகமோ வேறு கைகளுக்குப் போய்விட்டது. ஆகவேதான் 2022-இல் எம்.ஜி.எம்.மை வாங்கிய அமேசானுக்கு அதன் சிங்க முத்திரை கிடைத்தும், அந்தச் சிங்கம் முழங்கித் தொடங்கும் பழைய படங்கள் கிடைக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டத்திலும் ஒருவர் தம்மிடம் இல்லாத உரிமையை விற்க முடியாது. 1974-இல் உரிமை முழுமையாக உங்கள் தாத்தாவுக்கு மாறியிருந்தால், அதன்பின் ஸ்டூடியோவை வாங்கிய எவருக்கும் இப்படத்தில் உரிமை இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, 1971-இல் வெளியான படத்துக்கு 2031 டிசம்பர் 31 வரை பாதுகாப்பு உண்டு.

நான் தயங்கும் இடம் அந்த 1974 ஆவணம்தான். அக்காலத்தில் படத்துக்குப் பைனான்ஸ் கொடுத்தவர்கள், கடன் அடையும் வரை லேப் லெட்டரை (நெகட்டிவ் இருக்கும் லேபுக்கு, இவர் சம்மதமின்றிப் பிரிண்ட் போடக் கூடாது என்று தயாரிப்பாளர் தரும் கடிதத்தை) தங்கள் பெயரில் வாங்கி வைத்துக்கொள்வது சாதாரண வழக்கம். அப்படி ஈடாகப் பெற்ற கடிதத்தையும் குடும்பத்தார் 'நெகட்டிவ் உரிமை' என்றே சொல்லிவருவதைப் பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன். ஈடு மட்டுமே என்றால் பதிப்புரிமை மாறவில்லை; கடனை வசூலிக்கும் காலவரம்பும் எப்போதோ கடந்திருக்கும். கிரயத் தொகை, 'என்றென்றைக்கும்' என்ற சொல், ஸ்டூடியோ சார்பில் அதிகாரம் பெற்றவரின் கையொப்பம் ஆகியவை ஆவணத்தில் உண்டா என்று பாருங்கள். மதுரை-ராமநாதபுரம் விநியோக ஏரியாவுக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தால், இணைய உரிமை கோருவது மிகக் கடினம். காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் 5 ஆண்டுகளில் முடிந்துவிடும் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். அந்த விதி 1994 திருத்தச் சட்டத்தால் வந்தது, அதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19(7)-ஆம் பிரிவே கூறுகிறது.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை என்பதால், அது இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மூல ஆவணம், வாரிசுச் சான்றிதழ், தாத்தாவின் தொழில் கூட்டு நிறுவனமாக இருந்திருந்தால் அதன் பத்திரம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். முத்திரைத் தீர்வை குறைவாக இருந்தால் அபராதத்துடன் செலுத்த நேரிடும். பின்னர் வாரிசுகள் அனைவரும் சேர்ந்து வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். அதே சட்டத்தின் 62-ஆம் பிரிவு, உரிமையாளர் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட வழி தருவதால், மதுரையிலேயே வழக்குத் தொடரும் வாய்ப்பை முதலில் பரிசீலிக்கலாம். அவசரத் தடை கோராத வணிக வழக்காக இருந்தால், வழக்குத் தொடரும் முன் சமரச முயற்சி கட்டாயம்.